தண்ணீர் அமைச்சரின் அம்மா

அந்த மூடியில் சாய்ந்துவிடாதீர்கள், புதிது. காலையில்தான் கடையிலிருந்து ஆட்டோவில் ஏற்றி வந்தேன். இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள். பாப்பாவும் உட்காரட்டும்.

அட்மிஷனா? ஆறாவதா? காலாண்டு லீவு முடிந்து நடுவில் சேர்க்கிறீர்கள் என்றால் வீட்டுக்காரருக்கு மாற்றலாக இருக்கும். உடுமலையிலிருந்தா? நல்ல ஊர். அங்கேயே இருந்திருக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் என் மகனுக்கு டி.சி. வாங்க வந்திருக்கிறேன். தீரஜ் என்று பெயர், ஒன்பதாவது. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கேதான். உள்ளே டி.சி. எழுதித் தயாராக இருக்கிறது. அவன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இந்த மூடியைப் போட்டால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நிற்கிறான். பெற்ற தாயிடம்! எதற்கு மூடி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பள்ளிக்கூடத்தில் மாணவர் மன்றம் இருக்கிறது.

நல்லதுதானே என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முன்பும் மன்றம் இருந்தது. அது வேறு மாதிரி. பழைய பிரின்சிபால் உயரமாக, சிவப்பாக, நன்றாகப் படிக்கிற ஒரு பையனைப் பார்த்து எடுப்பார். தோளில் பட்டை, சட்டையில் பேட்ஜ். விருந்தாளி வந்தால் பூங்கொத்துக் கொடுப்பான். டீச்சர் வராத பீரியடில் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவான். அவ்வளவுதான். யாருக்கும் தொந்தரவு கிடையாது. மன்றம் என்றால் அது மன்றம்.

ஜூனில் இந்தப் புது பிரின்சிபால் வந்தார். பார்த்திருப்பீர்கள், வெளுத்த காட்டன் சேலை, ஸ்கூட்டர். வந்ததும் வராததுமாகத் தேர்தல் என்றார். ஆறிலிருந்து பத்து வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓட்டு. ஒன்பதாவதில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஜெயிக்கிறவர் தன் மந்திரிகளைத் தானே வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு கூட்டம். பிள்ளைகள் கேள்வி கேட்டால் பிரின்சிபால் பதில் சொல்ல வேண்டுமாம். கேட்டீர்களா கூத்தை!

ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். தேர்தல் எங்களுக்குப் புதிதில்லை. என் வீட்டுக்காரர் குழந்தைவேலு ஒரு தடவை முழுசாக எங்கள் வார்டு கவுன்சிலர். அடுத்த தடவை தோற்றுப்போனார். ஊருக்கு உழைக்கிறவனுக்கு அதுதான் கதி. சாக்கடை, சாக்கடை என்று ஒரே பேச்சு. சாக்கடை என்றால் நாறத்தான் செய்யும், அதற்கு மனுஷன் என்ன பண்ணுவார்?

விஷயத்தைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இதபாரு கலாமணி, மைக்குல பேசறவன் ஒருநாளும் ஜெயிக்க மாட்டான். கையில எதையாச்சும் குடுக்கறவன்தான் ஜெயிப்பான். புள்ளைங்களுக்கு என்ன வேணும்னு பாரு" என்றார். அனுபவஸ்தர்.

தண்ணீர் பாட்டில் கொடுப்பது என்று முடிவானது. ஸ்டீல் பாட்டில், கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பட்டை வைத்தது. ஒவ்வொன்றிலும் தீரஜ் கும்பிடுகிற மாதிரி படம். சும்மா கொடுத்தால் பிரின்சிபால் கேட்பார், இல்லையா? அதனால் பிறந்தநாள் வைத்தோம். அவன் பிறந்தது தையில். தேர்தல் ஆடியில். அதற்காகத் தை வரைக்கும் காத்திருக்க முடியுமா? மண்டபம் பிடித்து, பலூன் கட்டி, பிரியாணி போட்டு, ஆடியிலேயே கொண்டாடினோம். பிள்ளைகள் எல்லாம் கைதட்டிப் பாடும்போது இவன் கேக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, எனக்கு இன்னைக்குப் பொறந்தநாள் இல்ல" என்றான். மைக் ஆனில் இருந்தது.

அப்படி ஒரு பிள்ளை.

இருந்தாலும் நான் விடவில்லை. கேக் வெட்டியதும் ஒவ்வொரு பிள்ளையாக வரிசையில் வரச் சொன்னேன். கேக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "ஓட்டு யாருக்கு கண்ணு?" என்று கேட்பேன். "தீரஜுக்கு ஆன்ட்டி" என்று சொன்ன பிறகுதான் ஊட்டுவேன். சாமி சத்தியமா என்று கேட்டதற்கும் ஆமாம் என்றார்கள். வாயில் க்ரீம் ஒழுக ஒழுகச் சத்தியம் பண்ணினார்கள். அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

எதிராக நின்றது இவன் வகுப்பிலேயே ஒரு பெண். எழிலரசி. அப்பா பஸ் கண்டக்டர். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அது யாருக்கும் ஒரு மிட்டாய்கூட வாங்கிக் கொடுக்கவில்லை. அவ்வளவு கஞ்சத்தனம்.

தேர்தலுக்கு முந்தின நாள் பேச்சு. தீரஜுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தது எங்கள் கட்சிப் பேச்சாளர். 'என் உயிரினும் மேலான வாக்காளப் பெருமக்களே' என்று ஆரம்பம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெருமக்களே வரைக்கும் வந்தான். எதிரே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து இவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. இவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "நன்றி" என்று இறங்கிவிட்டான்.

அந்தப் பெண் ஏறியது. "என்னால லீவு வாங்கித் தர முடியாது. ஹோம்வொர்க்கக் குறைக்க முடியாது. குழாய்த் தண்ணி நாறுதுன்னு எல்லாருக்கும் தெரியும். பொண்ணுங்க பாதிப்பேரு தண்ணியே குடிக்கறதில்ல. அது ஏன் நாறுதுன்னு கண்டுபிடிக்க முடியும். அவ்வளவுதான்" என்றது. இது ஒரு பேச்சா? தேர்தல் மேடையில் நாற்றத்தைப் பற்றியா பேசுவது?

முடிவு? கேட்காதீர்கள். அந்தப் பெண் பெட்டி பெட்டியாக அள்ளிவிட்டது. தீரஜுக்கு அவன் சொந்த வகுப்பில் விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. ஒன்று! அத்தனை பேரும் என் கையால் கேக் வாங்கித் தின்ற பிள்ளைகள். வாங்கிக்கொண்டு மாற்றிக் குத்திவிட்டார்கள். இந்த வயசிலேயே! நேர்மை இருக்கிறதா? வாங்கினால் போட வேண்டும், போடாவிட்டால் வாங்கக் கூடாது. இதைக்கூடச் சொல்லிக்கொடுக்காத பள்ளிக்கூடம் ஒரு பள்ளிக்கூடமா? பெரியவர்கள் அப்படிச் செய்தால் காலம் கெட்டுப்போச்சு என்று விட்டுவிடலாம். குழந்தைகள், சாமி சத்தியம் பண்ணிவிட்டு! சீ.

நான் சும்மா இருப்பேனா? பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'தீரஜுக்கு ஓட்டுப் போடாத பிள்ளைகள் தயவுசெய்து பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவும்.' நாகரிகமாகத்தான் போட்டேன். கொஞ்சமாவது வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் மூட்டை மூட்டையாகப் பாட்டில். எல்லாரும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கழுவித் துடைத்து வேறு.

வந்து எடுத்துப்போகச் சொல்லி போன் வந்தது. கொடுத்ததைத் திருப்பி எடுப்பதா? எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? புது மன்றத்தின் முதல் கூட்டமே இந்தப் பாட்டிலைப் பற்றித்தான். கைதூக்கி ஓட்டெடுத்து, குளத்து மேட்டில் இருக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகின்றன. தினமும் காலையில் நான் கோலம் போட்டு நிமிர்ந்தால், வரிசையாக என் மகன் ஒவ்வொரு கழுத்திலும் தொங்கிக்கொண்டு போகிறான். கும்பிட்டுக்கொண்டே போகிறான்.

இதோடு முடிந்ததா? அந்த எழிலரசி மந்திரிசபை அமைத்தது. தோற்றவனைக் கூப்பிட்டு, "தண்ணிய நீ பாத்துக்கறியா?" என்று கேட்டதாம். இவன் சரி என்றானாம். தண்ணீர் அமைச்சர்! வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறான். தோற்றவனுக்கு முகம் எப்படி இருக்க வேண்டும்? இவன் அப்பா தோற்றபோது ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. அவரல்லவா மானஸ்தர்.

ஒருநாள் மதியம் மறந்துபோன டிபன் பாக்ஸைக் கொடுக்க வந்தேன். அதோ, அந்தக் குழாயடியில் என் மகன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறான். கையில் தென்னந்துடைப்பம். குழாயடிச் சுவரில் பச்சையாக, வழவழவென்று பாசி. அதை விரலால் வழித்து வாளியில் போடுகிறான். பக்கத்தில் அந்தப் பெண்ணும் தேய்க்கிறது, சிரிக்கிறது. வீட்டில் அவன் குடித்த டம்ளரை அவன் எடுத்து வைத்ததில்லை. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. அதை இவர்கள் ஒரே மாதத்தில் கெடுத்தார்கள்.

கெட்டுத்தான் போனான். இப்போதெல்லாம் வீட்டில் தட்டைக் கழுவி வைக்கிறான். வேலைக்கு வருகிற சரசாவிடம் சாப்பிட்டீர்களா அக்கா என்று கேட்கிறான். முன்பு கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பான், இருக்கிற இடமே தெரியாது. இப்போது வாயைத் திறந்தால் மூடுவதில்லை. டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

வாட்ச்மேன் வந்துவிட்டார். எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணா. பார்த்து, உருட்டாதீர்கள், கீறல் விழும். பையனைக் கூப்பிட்டு, அவன் கண் முன்னாலேயே போடுங்கள். அப்புறம் ஒரு பேச்சு வரக் கூடாது.

எங்கே விட்டேன்? ஆமாம், அந்த மூடி எதற்கு என்று சொல்லவில்லையே. அதோ வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஆள் உயர மேடை, அதன்மேல் பெரிதாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி தெரிகிறதா? முழுக்க எங்கள் கட்சி வண்ணம் அடித்தது. எழுத்தைப் படியுங்கள். 'உபயம்: குழந்தைவேலு, கவுன்சிலர். 5000 லிட்டர்.' என் வீட்டுக்காரர் கொடுத்ததுதான். மாலை, மேளம், போட்டோ எல்லாம் வைத்துத் திறந்தார். இத்தனை வருஷமாக இந்தப் பள்ளிக்கூடமே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. தீரஜ் மட்டும் குடிக்க மாட்டான். அவனுக்கு வீட்டில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர்தான், அதில் நான் கண்டிப்பு.

குழாயடியை எவ்வளவு தேய்த்தும் நாற்றம் போகவில்லையாம். அமைச்சர் யோசித்தாராம். வாட்ச்மேனை மேலே ஏறிப் பார்க்கச் சொன்னான். ஏறியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கொம்பு கேட்டிருக்கிறார். உள்ளே விட்டு எடுத்தால் புறா. செத்து எத்தனை நாளோ, பாதி கரைந்துபோய், சிறகும் எலும்புமாக. கீழே வாளி பிடித்துக்கொண்டு நின்றது என் மகன். வாளிக்குள் அது சொத்தென்று விழுந்ததாம். அடியில் இன்னும் இரண்டு மூன்று இருந்ததாம், என்னவென்றே தெரியாத மாதிரி. சாப்பிடும்போது உட்கார்ந்து இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். இவன், "அப்பா, தொட்டிக்கு மூடியே இல்ல. நீங்க வாங்கறப்பவே இல்லையா?" என்று கேட்டான்.

"மூடியெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்னு உட்டுட்டோம்டா."

"எப்பப்பா?"

"தெறப்பு விழா அவசரத்துல... இப்ப எதுக்குடா அதெல்லாம்?"

"பேரு எழுதறதுக்கு பெயிண்டர் வந்தாருல்ல. அப்பவே மூடியும் வாங்கியிருக்கலாமில்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மன்றக் கூட்டத்தில் கேட்கிற மாதிரி, பதில் வரும் என்று நம்பிக் கேட்டான். அப்பாவைப் பார்த்து! இவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தே, "நாளைக்கே போயி டி.சி. வாங்கு. இவன் அங்க படிக்க வேண்டாம்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. வார்டில் தோற்ற அன்றைக்குக்கூட அப்படி இல்லை.

நான் பையனைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தேன். "உனக்கு ஒருத்தர்கூட ஓட்டுப் போடாத இடத்துல என்னத்துக்குக் கண்ணு இருக்கற? உன் வகுப்புல உளுந்த ஒரு ஓட்டும் நீ போட்டுக்கிட்டது" என்றேன்.

"அது நான் போட்டதில்லம்மா. எழிலரசி போட்டது."

"அப்ப நீ?"

"நான் எழிலரசிக்குப் போட்டேன். எதுத்து நிக்கறவங்களுக்குப் போடறதுதானம்மா மரியாதை?"

கேட்டீர்களா! இத்தனை செலவு, இத்தனை அலைச்சல், ஆடியில் பிறந்தநாள். கடைசியில் வேட்பாளரே மாற்றிக் குத்தியிருக்கிறான். இதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டார்.

பிரின்சிபாலிடம் வந்தேன். டி.சி. தருகிறேன், ஆனால் பையனும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இவனைக் கூப்பிட்டார்கள். அழுவான், காலில் விழுவான் என்று நினைத்தேன். மன்றத்தில் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனான். திரும்பி வந்து, "தொட்டியக் கழுவிட்டோம். தகரத்த மூடிக் கல்ல வெச்சிருக்கோம், காத்தடிச்சாப் பறந்துரும். அப்பா உபயத்துல மூடி மட்டும்தான் பாக்கி. அத நீங்க போட்டுருங்க, நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேணாலும் போறேன்" என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. தூசியாக இருக்கும், வேப்பமரத்தடி.

அதனால்தான் அவருக்குத் தெரியாமல் கடைக்குப் போனேன். எத்தனை லிட்டர் தொட்டி என்று கடைக்காரன் கேட்டான். ஐயாயிரம் என்றேன். நன்கொடை விஷயத்தில் எங்கள் வீட்டில் கை சுருக்கம் கிடையாது. அவனே எடுத்துக் கொடுத்த மூடிதான் அது.

என்ன சத்தம் அங்கே? ஏன் எல்லாரும் கூடி நிற்கிறார்கள்?

என்ன அண்ணா? பத்தவில்லையா? பெரிசா இருக்குதா? எப்படிப் பெரிசாக இருக்கும்? சரியாகத் திருப்பிப் போடுங்கள். குடை மாதிரி நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்?

இதோ அவனே வருகிறான். பாருங்கள் கோலத்தை, பேண்ட்டெல்லாம் ஈரம். என்னடா?

"அம்மா, கடையில எத்தன லிட்டர்னு சொன்னீங்க?"

ஐயாயிரம்டா. தொட்டியிலேயே எழுதியிருக்குதில்ல, உங்கப்பா பேருக்குக் கீழ.

"பெயிண்ட்டச் சுரண்டிப் பாத்தோம்மா. அடியில கம்பெனி போட்ட நம்பர் இருக்குது. ரெண்டாயிரம்."

சிரித்திருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். சிரிக்கவில்லை. "பரவால்லம்மா, இதக் குடுத்துட்டு சின்னது மாத்திக்கலாம். நானும் வரேன். அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்" என்று தோளைத் தொட்டுவிட்டுப் போகிறான் பாருங்கள். பெல் அடித்துவிட்டதாம். ஓடுகிறான். டேய், கையெழுத்து! டேய்!

போய்விட்டான்.

அந்தக் கடைக்காரனை நான் விடப்போவதில்லை. தொட்டி செய்த கம்பெனிக்காரன் ஒருத்தன், ஐயாயிரம் லிட்டர் தொட்டியில் இரண்டாயிரம் என்று அச்சடித்து வைத்திருக்கிறான். எங்கே பார்த்தாலும் ஏமாற்று. சீ, இந்த ஊரில் யாரை நம்புவது?

நீங்கள் எங்கே எழுந்துவிட்டீர்கள்? அந்த ஜன்னல் அட்மிஷன் ஜன்னல். இவ்வளவு சொல்லியும் அங்கேயா போகிறீர்கள்? சரி, உங்கள் இஷ்டம். பின்னால் என்னைச் சொல்லாதீர்கள். நான் இங்கேதான் இருப்பேன், சாயங்காலம் அவன் வந்தால்தான் கடைக்குப் போக முடியும்.

பாப்பா எங்கே? குழாயடியிலா? கூப்பிடாதீர்கள், குடிக்கட்டும். கழுவித்தான் இருக்கிறது. அவனே இறங்கித் தேய்த்திருக்கிறான்.

பாப்பா, வரும்போது அந்த டம்ளரில் எனக்கும் பிடித்துக்கொண்டு வா சாமி. காலையிலிருந்து பேசித் தொண்டை காய்ந்து கிடக்கிறது.